முதல் மறுக்கப்பட்டோர் பேசலாமா?



இம்மாலைப் பொழுதில் நான் பேச வேண்டுமென்று மன்றத்தார் விதித்திருக்கும் விஷயம், மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்குச் சிறியதாகத் தோன்றக்கூடும். ஸ்டார்ட்அப் ஒன்றைத் தொடங்கியவர், அதற்கு வேண்டிய மூலதனத்தை நாடி ஒரு முதலீட்டாளரிடம் சென்று, தம் கருத்தையும் கணக்கையும் எடுத்துரைத்து, கடைசியில் ‘வேண்டாம்’ என்ற விடையோடு வெளியே வந்தால், அந்த விடையை உலகறிய எடுத்துச் சொல்வது தகுமா, அன்றித் தம் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது தகுமா என்பதே வினா. வினா சிறியதுதான்; ஆனால் விடை சொல்லப் புகுந்தால், பிறருடைய அபிப்பிராயத்துக்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறோம், வென்றவன் சொல்லுகிற கதைக்கும் தோற்றவன் சொல்லுகிற கதைக்கும் நம் செவி எவ்வளவு பேதம் பாராட்டுகிறது, இருவர் தனியே அமர்ந்து பேசிய பேச்சு அவர்களில் யாருடைய உடைமை என்பன போன்ற பெரிய விஷயங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. என் கட்சி இன்னதென்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லலாம், சொல்வது நல்லதுங்கூட. ஆனால் எப்போது சொல்வது, எதைச் சொல்வது என்ற இரண்டிலும் இன்று வழங்கிவரும் பழக்கம் தலைகீழாக இருக்கிறது.

மறுப்பு என்பது இத்துறையில் எவ்வளவு சாதாரணமான நிகழ்ச்சி என்பதை முன்னதாகப் பார்ப்போம். கடைத்தெருதோறும் இன்று நாம் காணும் ஜெராக்ஸ் இயந்திரத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, நியூயார்க் மாநகரத்து அஸ்டோரியாப் பகுதியில், ஒரு வாடகை அறையில், செஸ்டர் கார்ல்சன் என்பவர், கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து, விளக்கொளியைப் பாய்ச்சி, நுண்பொடி தூவி, அந்த எழுத்துக்களை மெழுகுத்தாளில் அப்படியே பெயர்த்தெடுத்தார். காப்புரிமை சம்பந்தமான வேலையில் இருந்த அவர், ஆவணங்களுக்குப் பிரதி எடுக்கும் தொல்லையை நாள்தோறும் அனுபவித்தவர். ஆதலால் தாம் கண்ட முறையின் பிரயோஜனம் அவருக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்திருந்தது. தெரியாதிருந்தது மற்றவர்களுக்குத்தான். ஐபிஎம், கோடக், ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்சிஏ முதலிய 20க்கு மேற்பட்ட பெரிய ஸ்தாபனங்கள் அடுத்த சில ஆண்டுகளில் அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பின. 1944இல் ஒஹையோ மாநிலத்துப் பேட்டல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. பின்னர் ராச்செஸ்டர் நகரத்திலே புகைப்படத்தாள் செய்து விற்றுவந்த ஹாலாய்டு என்னும் சிறு கம்பெனி உரிமம் பெற்றது. 1959இல் ‘914’ என்ற இயந்திரம் வெளிவந்தது. அந்தச் சிறு கம்பெனியே ஜெராக்ஸ் கார்ப்பரேஷன் என்று பிரசித்தி பெற்றது.

இப்படிப்பட்ட வரலாறுகளை அடுக்கிக்கொண்டே போகலாம். 1957இல், ஷாக்லி என்னும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்திலிருந்து பிரிந்து வந்த எட்டு விஞ்ஞானிகளுக்கு மூலதனம் தேடி, ஆர்தர் ராக் என்பவரும் அவருடைய சகாவும் ஏறத்தாழ 35 கம்பெனிகளின் வாசற்படி ஏறி இறங்கிய பிறகே ஷெர்மன் ஃபேர்சைல்டு என்பவர் இசைந்தார். சிலிக்கான் பள்ளத்தாக்கு என்ற பெயருக்கே காரணமான தொழில் அவ்வாறுதான் வேரூன்றியது. பண்டோரா என்னும் இணைய வானொலியைத் தோற்றுவித்தவர் 300க்கு மேற்பட்ட தடவையும், ஆஸ்திரேலியாவில் கேன்வா என்னும் கம்பெனியைத் தொடங்கிய மெலனி பெர்கின்ஸ் 100க்கு மேற்பட்ட தடவையும் மறுப்புக் கேட்டதாகச் சொல்லியிருக்கின்றனர். எண்ணிக்கையில் எனக்கு அவ்வளவு சிரத்தையில்லை. கார்ல்சன் காலத்தில் மறுப்புக் கடிதங்கள் மேஜை அறைக்குள் கிடந்து, அவர் புகழ்பெற்ற பின் சரித்திரம் எழுத வந்தவர்களின் கையிலே அகப்பட்டன. இக்காலத்திலோ, காலையில் மறுக்கப்பட்டவர் மாலைக்குள் அதை ஆயிரக்கணக்கானோர் படிக்கும்படி செய்துவிடலாம். சொல்லும் வசதி வந்துவிட்டது. சொல்லும் நெறிதான் இன்னும் வகுக்கப்படவில்லை.

மறுப்பைப் பகிரங்கப்படுத்தியவர்களுள் மிகவும் பிரசித்தமானவர், பிரயாணிகளுக்கு வீடுகளில் தங்க இடம் ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி கம்பெனியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரையன் செஸ்கி. 2008ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, நண்பர் ஒருவர் வாயிலாக, செஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் சிலிக்கான் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற முதலீட்டாளர் எழுவருக்கு அறிமுகம் செய்துவைக்கப்பட்டனர். அவர்கள் கேட்டது 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கம்பெனிக்கு அவர்கள் இட்ட மதிப்பு 15 லட்சம் டாலர். அதாவது, அன்றைக்கு அந்தத் தொகையைக் கொடுக்க இசைந்த ஒருவருக்கு ஏர்பிஎன்பியின் பத்தில் ஒரு பங்கு சொந்தமாகியிருக்கும். எழுவரில் ஐவர் மறுத்து எழுதினர்; இருவர் விடையே எழுதவில்லை. இந்த ஐந்து கடிதங்களையும், எழுதியவர்களின் பெயர்களை மட்டும் மறைத்து, 2015 ஜூலையில் செஸ்கி பிரசுரித்தார். அவற்றில் கோபமும் இல்லை, பரிகாசமும் இல்லை. பிரயாணத் துறை தங்களுக்கு உவந்ததன்று என்று ஒருவரும், சந்தை போதிய அளவு பெரிதாகத் தோன்றவில்லை என்று ஒருவரும் மிக மரியாதையாகவே எழுதியிருந்தனர். மறுத்தவர்கள் புத்திசாலிகள் என்றும், அன்றைய நிலையில் தாங்கள் பார்வைக்கு எடுப்பாக இருந்திருக்க மாட்டோம் என்றும் செஸ்கியே தம் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

பெயரை மறைத்ததும், பழி தூற்றாமல் விட்டதும், கடிதங்களை உள்ளபடியே வெளியிட்டதும் பெருந்தன்மைதான். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆயினும் காலத்தைக் கவனியுங்கள். அக்கடிதங்கள் அச்சேறிய 2015ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஏர்பிஎன்பிக்கு முதலீட்டாளர்கள் இட்டிருந்த மதிப்பு ஏறக்குறைய 2,550 கோடி டாலர். 2020 டிசம்பரில் அதன் பங்குகள் நாஸ்டாக் சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே அம்மதிப்பு 10,000 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு, ஏழு வருஷங்களுக்கு முன் கதவடைத்தவர்களின் கடிதங்களை எடுத்துக் காட்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? துணிவே வேண்டியதில்லை. அந்த நிலையில் பழைய மறுப்பு என்பது ராஜமுத்திரை போன்ற ஆபரணம். எவ்வளவு அதிகமாக இருக்கிறதோ அவ்வளவு சோபிக்கும். அதே கடிதங்களை 2008ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்டு, ஒபாமா பெயரிலும் மக்கெய்ன் பெயரிலும் காலையுணவுத் தானியப் பெட்டிகளை 40 டாலர் விலைக்கு விற்று அந்த இளைஞர்கள் காலங்கடத்திய வேளையில் பிரசுரித்திருந்தால், அதைப் படித்த மக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அந்த வேளையில் அவர்கள் வாய்திறக்கவில்லை. அவ்வாறு திறவாதிருந்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மறுத்தவர்களும் இந்த ஆபரணத்தை அணிந்துகொள்வதுண்டு. கார்னகியின் கூட்டாளி ஹென்றி ஃபிப்ஸ் 1911இல் நிறுவியதன் வழிவந்த பெஸ்ஸிமர் என்னும் முதலீட்டு ஸ்தாபனம், தான் கைவிட்ட கம்பெனிகளின் ஜாபிதா ஒன்றைத் தானே வெளியிட்டு வருகிறது. ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனியை ஏழு தடவை மறுத்தார்களாம். ஆப்பிள் பங்குகள் பொதுச் சந்தைக்கு வருமுன் கிடைக்கவிருந்தபோது, விலை அநியாயம் என்று ஒதுக்கிவிட்டார்களாம். கூகுளைத் தொடங்கிய இரு மாணவர்கள் பெஸ்ஸிமர் பங்குதாரர் ஒருவருடைய தோழியின் வீட்டுக் கார் கொட்டகையில் வேலை செய்த காலத்தில், அவர்களைப் பார்க்குமாறு அவள் அழைத்தபோது, அக்கொட்டகைப் பக்கமே போகாமல் வீட்டைவிட்டு வெளியேற வழியுண்டா என்று அந்தப் பங்குதாரர் கேட்டாராம். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது. அடக்கமுடைய மனிதர்கள் என்ற மதிப்பும் உண்டாகிறது. ஆனால் நூறு வருஷத்துச் செல்வம் பின்னால் இருக்கும்போது அடக்கம் மலிவாகவே கிடைக்கும். அதுமட்டுமன்று. அவர்கள் மறுத்து, மறுத்தது சரியாகவே முடிந்த கம்பெனிகள் பல்லாயிரம் இருக்க வேண்டுமே, அவற்றின் ஜாபிதா எங்கே? மறுப்பின் உண்மையான இலக்கணத்தை அறிய விரும்புகிறவனுக்கு அதுவல்லவா வேண்டிய நூல்!

இனி, பணம் தேடி அலைந்துகொண்டிருக்கும் நடுவேளையில் பேசலாமா என்ற விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் பெண் பார்த்துப் போனவர்கள் வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டால், அந்தச் செய்தியை அடுத்தபடியாக வரப்போகிற வீட்டாரின் காதில் போட எந்தத் தகப்பனாரும் விரும்புவதில்லை. பெண்ணிடத்தில் குறையுண்டு என்று அவர் நினைப்பதனாலன்று. முன்னே வந்தவர் ஏதோ கண்டுதான் போயிருப்பார் என்று பின்னே வருகிறவர் தம் கண்ணை நம்பாமல் அவர் கண்ணை நம்பிவிடுவார் என்ற அச்சத்தினால்தான். இது வெறும் கிராமியக் கூச்சமென்று சிலர் நினைக்கலாம். 1992இல், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, இந்த மனப்பான்மையையே பொருளியல் கணக்காக வடித்துக் காட்டினார். அடுத்தடுத்து இரண்டு உணவகங்கள் இருக்கின்றன. எது நல்லது என்பதைப் பற்றி ஒவ்வொருவரிடமும் அரைகுறையான தகவல் ஒன்று இருக்கிறது. முதலில் வருகிறவர் தமக்குக் கிடைத்த தகவலின்படி ஒன்றில் நுழைகிறார். அடுத்தவர் தம் தகவலோடு முன்னவரின் செய்கையையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறார். சிறிது நேரத்துக்கெல்லாம் பின்வருகிறவர்கள் தம்மிடமுள்ள தகவலை அடியோடு புறக்கணித்துக் கூட்டத்தைப் பின்பற்றுகிறார்கள். கடைசியில், பெரும்பாலோருடைய தகவல் மற்றதையே நல்லதென்று காட்டியிருந்தபோதிலும், அது காலியாகக் கிடக்கக்கூடும். இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், ஒவ்வொருவரும் தம்மளவில் புத்திசாலித்தனமாகவே நடந்துகொள்கிறார். மொத்தத்தில் விளைவுதான் விபரீதமாகிறது.

புதிய தொழிலின் தராதரத்தை எவரும் திட்டமாக அறிய முடியாது. ஆகையால் முதலீட்டாளர் சமூகத்தில் இந்த நோய் மிகவும் கடுமையாகவே இருக்கும். யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற கேள்வியைத்தான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள். யார் யார் வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதை மறுக்கப்பட்டவரே ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால், எட்டாவது ஆசாமி தம் மூளைக்கு வேலை கொடாமலே தீர்ப்புச் சொல்லிவிடுவதற்கு அது வசதியாக அமைந்துவிடும். மேலும், முதலீட்டாளர் சொல்லும் ‘வேண்டாம்’ என்பது பெரும்பாலும் ‘இப்போது வேண்டாம்’ என்பதே. ஆறு மாதம் கழித்து, விற்பனை பெருகிய பிறகு, அவரையே மறுபடியும் அணுக நேரலாம். சபையில் வைத்துப் பேசப்பட்டவர், பேசியவர் தம் வாசலுக்கு மறுமுறை வந்தாலும், மனம்விட்டுப் பேச மாட்டார்.

சட்டமும் இந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது என்பதை இளைஞர்கள் பலர் அறிவதில்லை. அமெரிக்காவில் 1933ஆம் வருஷத்துப் பங்குப் பத்திரச் சட்டத்தை ஒட்டிப் பிறந்த விதிகளின்படி, பதிவு செய்யாமல் தனியாரிடம் பங்கு விற்று முதல் திரட்டும் கம்பெனி, அதைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது என்பதே நெடுங்காலம் வரையிலும் பொது நியதியாக இருந்தது. 2012இல் ஜாப்ஸ் சட்டம் வந்து, 2013 முதல் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு வழி திறந்துவிடப்பட்டது. நம் நாட்டிலும், 2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு, தனிப்பட்ட முறையில் பங்கு வழங்கும் கம்பெனி அதைப் பற்றி விளம்பரத்தின் மூலமாகவோ வேறு சாதனங்களின் மூலமாகவோ பொதுமக்களுக்கு அறிவிக்கக் கூடாது என்று தடுக்கிறது. ‘இன்னாரிடம் இவ்வளவு பணம் கேட்டோம், தரவில்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுதுகிறவர், புலம்புவதாக நினைத்துக்கொண்டு விளம்பரம் செய்தவராகிவிடலாம். வக்கீலைக் கலவாமல் அவ்வாறு எழுதத் துணிவது விவேகமன்று. இவ்வளவு காரணங்களாலும்தான், தானியப் பெட்டி விற்ற காலத்து ஏர்பிஎன்பியின் மௌனத்தை நான் குறை சொல்லவில்லை.

இதற்கு மாறாக ஓர் உதாரணம் உடனே உங்கள் நினைவுக்கு வரலாம். 2013ஆம் ஆண்டு, முதலீட்டாளர்கள் வரிசையாக அமர்ந்து கேட்கும் ஷார்க் டேங்க் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஜேமி சிமினாஃப் என்பவர், வாசலில் நிற்பவரைக் கைப்பேசியில் காட்டும் அழைப்புமணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, 10 சதவீதப் பங்குக்கு 7 லட்சம் டாலர் கேட்டார். ஒருவர் மாத்திரம் கடனும் ராயல்டியும் கலந்த கடினமான நிபந்தனையொன்றைச் சொன்னார், மற்றவர்கள் விலகிக்கொண்டனர், சிமினாஃப் வெறுங்கையோடு வெளியேறினார். தேசமே பார்த்துக்கொண்டிருந்த மறுப்பு அது. ஆயினும் நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் விற்பனை பெருகியது. ரிங் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனியை 2018இல் அமேசான் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. மறுத்தவர்களின் வரிசையிலேயே அவரும் விருந்தினராக ஒருமுறை வந்து அமர்ந்தார். இதைக் காட்டி, மறுப்பையும் விளம்பரமாக்கலாம் என்று சிலர் உபதேசிக்கிறார்கள். நிதானித்துப் பாருங்கள். அன்றைக்கு மக்கள் வாங்கியது மறுப்பையா, அழைப்புமணியையா? சாமானைக் கண்ணால் பார்த்துத் தாமே தீர்ப்புச் சொல்லக்கூடிய ஜனங்களின் முன்னே அவர் நின்றார். ஆதலால் நாற்காலியில் இருந்தவர்களின் தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் செய்து விற்கும் ஒரு கம்பெனிக்கு இந்த வித்தை பலிக்காது.

ஆனால் சரியான வேளையில், வேண்டியவற்றையெல்லாம் சொன்ன ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சியாட்டில் நகரத்து மாஸ் என்னும் மென்பொருள் கம்பெனியின் தலைவராக இருந்த ராண்ட் ஃபிஷ்கின், 2009இல் முதலீடு தேடிப் பலரைச் சந்தித்து, ஒன்றும் கைகூடாமற்போனபோது, அந்த அனுபவத்தை அப்படியே எழுதி வெளியிட்டார். மறுபடியும் 2011இல், 2 கோடியே 40 லட்சம் டாலர் முதலீடு அமைந்துவிட்டதென்று நம்பியிருந்த தறுவாயில் அது கைநழுவிப் போயிற்று. அவர் அதையும் மறைக்கவில்லை. பேச்சு எவ்வாறு தொடங்கியது, எந்தக் கட்டத்தில் நம்பிக்கை பிறந்தது, கம்பெனியின் வரவு எதிர்பார்த்த கணக்குக்கு எவ்வாறு குறைந்தது என்பவற்றையெல்லாம் அந்த ஆகஸ்டு மாதத்திலேயே எழுதினார். அப்போது அவர் வெற்றி பெற்றவரல்லர். பின்னால் பெறுவார் என்பதற்கும் எந்த அறிகுறியும் இல்லை. முதலீட்டு முயற்சி முடிந்துவிட்டிருந்தது; ஆதலால் அவர் எழுத்து எவரையும் வற்புறுத்துவதாகவும் இல்லை. 2012 மே மாதத்தில் ஃபவுண்ட்ரி குழுமமும் இக்னிஷன் நிறுவனமுமாகச் சேர்ந்து அந்தக் கம்பெனிக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தன. எழுதியதனால்தான் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதியது கொடுப்பதற்குத் தடையாக நிற்கவில்லை என்ற அளவில் அதை எடுத்துக்கொண்டால் போதும். மாஸ் கம்பெனி ஏர்பிஎன்பியைப் போல் வானளாவ வளர்ந்ததுமில்லை. நடுத்தரமாக வாழ்ந்து, பிற்காலத்தில் வேறொரு ஸ்தாபனத்தின் கைக்குப் போயிற்று. அதனாலேயே அந்த வரலாறு எனக்கு அருமையாகப்படுகிறது. முடிவு தெரிந்த பிறகு எழுதப்பட்ட மறுப்புக் கதையில், மறுத்தவர் எப்போதும் குருடர்; அவ்வாறு அமைப்பது கதைசொல்லியின் குற்றமுமன்று, முடிவே அவ்வாறு அமைத்துவிடுகிறது. முடிவு தெரியாமல் எழுதப்பட்ட கதையிலோ, மறுத்தவர் சொன்ன காரணம் சரியாகவும் இருக்கலாம் என்ற இடம் திறந்தே இருக்கிறது. தொழில் தொடங்கும் ஓர் இளைஞனுக்கு உபயோகமானது அந்த இடம்தான். ‘என்னையும் பத்துப் பேர் மறுத்தார்கள், கலங்காதே’ என்ற தைரியம் ஒரு மாலைப் பொழுதுக்குத்தான் உதவும். ‘வாடிக்கையாளரில் இத்தனை பேர் மாதந்தோறும் விலகுகிறார்கள் என்பதைப் பார்த்து மறுத்தார்கள்’ என்ற தகவலோ, தன் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும்படி அவனைச் செய்யும்.

பெயரைச் சொல்லலாமா என்ற கேள்வியை நண்பர்கள் சிலர் என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். வியாபார நிர்ணயமாக மறுத்தவரின் பெயரைச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. பணத்தைக் கொடாதிருக்க ஒருவருக்குப் பூரண உரிமை உண்டு. காரணம் சொன்னதற்காக அவரைத் தெருவில் நிறுத்தினால், அடுத்த தடவை அவர் காரணமே சொல்ல மாட்டார். ஏற்கெனவே பலர் சொல்வதில்லை. அநாகரிகமாக நடந்துகொண்டவர்களின் விஷயம் வேறு. 2017ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண் தொழில் முனைவோர் சிலர், முதல் கேட்டுச் சென்ற இடத்தில் தங்களுக்கு நேர்ந்த தகாத நடத்தையைத் தம் பெயரும் அவ்வாறு நடந்துகொண்டவர்களின் பெயரும் சொல்லியே வெளியிட்டார்கள். அது மறுப்பைப் பற்றிய பேச்சன்று. குற்றத்தைப் பற்றிய முறையீடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

மறுக்கப்பட்டவரின் வாயிலிருந்து ஒருநாளும் வராத காரணமும் ஒன்று உண்டு. தெரனாஸ் என்னும் ரத்தப் பரிசோதனைக் கம்பெனிக்கு, 2014இல் 900 கோடி டாலர் மதிப்பிடப்பட்டது. பெரிய குடும்பங்களும் பிரபலஸ்தர்களும் கோடிக்கணக்கில் கொடுத்திருந்தனர். ஆனால் மருத்துவத் துறையை அறிந்த முதலீட்டாளர் சிலர் அதைத் தொடாமலே விலகியிருந்தார்கள். கூகுளின் முதலீட்டுப் பிரிவு, தன் ஆள் ஒருவரை மருந்துக் கடைக்கு அனுப்பிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியது. ஒரு துளி ரத்தம் போதும் என்று பறைசாற்றிய கம்பெனி அதற்கு மேலும் கேட்டதைக் கண்டு ஒதுங்கிக்கொண்டது. இது வெளியே தெரிந்தது 2015இல், பத்திரிகை உண்மையை உடைத்த பிறகுதான். அக்கம்பெனியைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸ் 2022 ஜனவரியில் குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்பட்டார். ‘எங்கள் இயந்திரம் வேலை செய்யாது என்று கண்டு மறுத்தார்கள்’ என்று எந்தக் கம்பெனி தானாக எழுதும்? ஆதலால், மறுப்பைச் சொல்லும் பொறுப்பை முழுவதும் மறுக்கப்பட்டவர்மேல் சுமத்திவிட முடியாது. மறுத்தவர்களும் பேச வேண்டிய சமயங்கள் உண்டு. அவர்கள் பேசுவதற்குத் தடை, பிறர் கொடுத்துவிட்ட பணத்தைப் பற்றிக் குறை கூறினால் நாளைக்குத் தங்களை எவரும் உள்ளே அழைக்க மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

இருவரும் இசைந்து பேசினால் எப்படியிருக்கும் என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகவும் நேர்த்தியான உதாரணம் ஏர்பிஎன்பி வரலாற்றிலேயே இருக்கிறது. ஆனால் அது செஸ்கி வெளியிட்ட கடிதங்களில் இல்லை. யூனியன் ஸ்கொயர் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் ஃப்ரெட் வில்சன், தாங்கள் அக்கம்பெனியைக் கைவிட்டதைப் பற்றி 2011 மார்ச்சில் தாமே எழுதினார். வரவேற்பறைத் தரையில் காற்றடைத்த மெத்தை விரிப்பது ஹோட்டல் அறைக்கு ஈடாகும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லையாம். அன்று இருந்ததையே பார்த்தார்கள், அது எதுவாக மாறக்கூடும் என்பதைப் பாராமல் விட்டார்களாம். அதைப் படித்த, ஏர்பிஎன்பிக்கு ஆரம்ப காலத்தில் கைகொடுத்த பால் கிரஹாம், 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த இளைஞர்களுக்காகத் தாம் வில்சனோடு நடத்திய கடிதப் போக்குவரத்து முழுவதையும் எடுத்து, வில்சனிடமும் கேட்டு, ஏர்பிஎன்பியாரிடமும் கேட்டு, இரு தரப்பாரும் சம்மதித்த பிறகு பிரசுரித்தார். தொழில் ரகசியமாக இருந்த ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டார். அக்கடிதங்களில், ஒரு கெட்டிக்கார மனிதர் ஒரு யோசனையைச் சுற்றிச் சுற்றி வந்து, விருப்பமும் சந்தேகமுமாக ஊசலாடி, கடைசியில் விலகிப்போவதை வரிக்கு வரி பார்க்கலாம். யாரும் யாரையும் பரிகசிக்கவில்லை. நன்றாக யோசித்தவரும் தவறவிடுவது எப்படி என்பதை நாம் கற்றுக்கொள்கிறோம்.

இப்போதைய நிலையில் நம் இளைஞர்கள் இதைத் தாராளமாகப் பின்பற்றலாம். முதலீட்டு முயற்சி ஒரு வழியாக முடிந்த பிறகு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மறுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதி, நீங்கள் சொன்ன காரணத்தை உங்கள் பெயரில்லாமல் வெளியிடலாமா, அல்லது பெயரோடேயே வெளியிடச் சம்மதமா என்று கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், அதற்குள் உங்களுக்கு மறுப்பு பழகிப்போயிருக்கும். சம்மதிப்பவர் ஒருவர் அகப்பட்டால், கணக்குகளையும் மறைக்காமல் எழுதுங்கள். முதலீட்டாளர்களாக இந்த அவையில் வந்திருக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கேட்டு வந்தவருக்கு இரண்டு வரியிலாவது காரணம் எழுதி அனுப்புங்கள். செஸ்கிக்கு அறிமுகமான எழுவரில் விடையே எழுதாத அந்த இருவர் ஏன் வேண்டாமென்று நினைத்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.